வெஸ்ட்லி அல்லது

மாதா துணை

வெஸ்ட்லி, ஒஸ்லோ
13.05.2007

அன்புள்ள சோதி அண்ணாவுக்கு,

மரியரஞ்சனி எழுதுகிறேன். தொலைபேசியில் நான் பந்து என்று வாயெடுத்தாலே நீங்கள் ஸ்தவாங்கர் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். கடிதத்துக்கு நடுவில் மழை பெய்ய முடியாது என்பதால் பேனையை எடுத்தேன். கமலாதேவி அண்ணியும் நீங்களும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் சுகம். மிதுனா பதினேழாம் திகதி தேசிய தின ஊர்வலத்துக்காகப் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் மேளம் அடித்துப் பழகுகிறாள். பழகுவது வீட்டில்தான். கீழ்வீட்டு நோர்வேஜிய அம்மா இன்னும் பொலிசுக்குச் சொல்லாமல் இருப்பது அவரது பெருந்தன்மை.

பனி இம்முறை சுணங்கித்தான் கரைந்தது. போன ஞாயிறு பேஸ்போல் கழகத்து ஆட்கள் எல்லோரும் மண்வெட்டியோடு மைதானத்துக்குப் போய், குளிர்காலத்தில் பனியோடு வந்து குவிந்த சல்லிக்கல்லை அள்ளினோம். இவர் வழமை போல முதுகு நோகிறது என்று சொல்லித் தேநீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை அண்ணி எலுமிச்சங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்டுத் தொலைபேசி எடுத்தா. கதையோடு கதையாக ஒன்று சொன்னா. "பனி கரைஞ்சா காணும், இவர் அந்தப் பந்து பிடிக்கிற கையுறையை எடுத்து நல்லெண்ணெய் பூசித் துடைச்சுத் திரும்ப அலுமாரிக்குள்ளை வைக்கிறார். ஏனெண்டு கேட்டா, தோல் காய்ஞ்சுபோமாம்." அண்ணியைக் கோபிக்காதீர்கள், அவவுக்கு அது வெறும் எண்ணெய்க் கதை. எனக்குத்தான் அது எண்ணெய்க் கதையாகப் படவில்லை. இனி ஆடவே மாட்டேன் என்கிற மனுசனுக்குத் தோல் காய்ந்தால் என்ன, காயாவிட்டால் என்ன?

அண்ணா, ஜூன் முதல் சனிக்கிழமை எங்கள் கழகத்தின் இந்த வருடத்து முதல் ஆட்டம். எட்டுப் பேர்தான் இருக்கிறோம். இரண்டு குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது, ஒருவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. போன வருடமும் இரண்டு தரம் ஒன்பது பேர் சேராமல் ஆடாமலே தோற்றோம். இன்னொரு தரம் அப்படி நடந்தால் பட்டியலில் இருந்து கழகத்தை எடுத்துவிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். தோற்பது எங்களுக்குப் பழக்கம். ஆடாமல் இல்லாமற்போவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று நினைப்பீர்கள். நான் வந்த புதிதில் இந்த அடுக்குமாடியில் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். மொழி இல்லை, வேலை இல்லை, யன்னலடியில் நின்று ரயில் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் போர்நிறுத்தம் வந்த அந்தச் சமாதான காலத்து வசந்தத்தில், நகரத்துப் பூங்காவில் யாரோ பேஸ்போல் ஆடுவதைப் பார்த்துவிட்டு நீங்கள் மூச்சு வாங்க எங்கள் வீட்டுப் படி ஏறி வந்தீர்கள். "டேய், இது எங்கடை எல்லே, ஊரிலை ரெனிஸ் பந்தை மட்டையாலை அடிச்சுப்போட்டு ஓடுவமே, அதுதான். வெள்ளைக்காரன் அதுக்குக் கையுறை போட்டு வைச்சிருக்கிறான்" என்று இவரைப் பிடித்து உலுக்கினீர்கள்.

பள்ளிக்கூட நாளில் நான் எல்லே அணியில் ஆடினவள் என்பதை இவர் பகிடியாகத்தான் சொன்னார். மற்ற ஆண்களும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. மட்டையை என் கையில் தந்து, "தங்கச்சி அடிக்கட்டும், மற்றாக்கள் ஓடிப் பொறுக்குங்கோ" என்றீர்கள். நான் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போனது. பொறுக்க ஓடினவர் என் புருசன். அன்றைக்குத்தான் நோர்வேயில் எனக்கு முதன்முதலாகப் பசித்தது. அதற்கு முன் நேரத்துக்குச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

கழகத்தைப் பதியப் போன நாளை மறப்பீர்களா? பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்க, நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி "வெஸ்ட்லி எல்லே" என்றீர்கள். அவ தனக்குத் தெரிந்த சொல்லாக்கி "வெஸ்ட்லி எல்லர்" என்று பதிந்துவிட்டா. நோர்வேஜிய மொழியில் எல்லர் என்றால் 'அல்லது'. வெஸ்ட்லி அல்லது! அல்லது என்ன என்று ஒவ்வொரு எதிரணியும் கேட்டது. பெயரை மாற்ற மறுபடி போக வேண்டும் என்று சொன்னதற்கு, இருக்கட்டும், இந்த நாடு அல்லது அந்த நாடு என்று சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் உயிர் தப்பினோம் என்று விட்டுவிட்டீர்கள். அதே பெயரில்தான் இன்றைக்கும் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஓகஸ்ட் ஆட்டத்துக்கு வருகிறேன். இந்தப் பந்தியை மடித்து வைத்துவிடாதீர்கள், அண்ணா. நீங்கள் இரண்டாவது பேஸில் நின்றீர்கள். எதிரணிக்காரர் ஒருவர் முதலாவதிலிருந்து உங்களை நோக்கி ஓடி வந்து, பந்து உங்கள் கைக்கு வந்ததைக் கண்டதும் திரும்பி ஓடினார். பேஸ்போலில் பந்தோடு போய் அவரைத் தொட வேண்டும், அல்லது அங்கே நிற்பவருக்கு எறிய வேண்டும். அது உங்களுக்குத் தெரியாததல்ல, எங்களுக்கு விதிகளைப் படிப்பித்தவரே நீங்கள்தான். ஆனால் கைக்கு எல்லேதான் தெரிந்திருந்தது. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து படவைத்தால் ஆள் அவுட். எறிந்தீர்கள். முதுகின் நடுவில் விழுந்தது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் துள்ளினார்கள். நானும் கையைத் தூக்கிக் கத்தினேன். எல்லேயில் அதைவிட அழகான எறி கிடையாது. அவர் விழுந்து எழும்பாமல் கிடந்தபோதுதான் அது ரெனிஸ் பந்து இல்லை, கல்லுப்போன்ற தோல் பந்து என்பது எங்களுக்கு உறைத்தது. நடுவர் உங்களை வெளியே போகச் சொன்னார். விலா எலும்பு வெடித்திருக்கிறது என்று மறுநாள் கேள்விப்பட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் மைதானத்துக்கு வரவில்லை. பனி விழ முதலே ஸ்தவாங்கரில் சமையலறை வேலை கிடைத்துவிட்டது என்று போய்விட்டீர்கள்.

இனி நான் எழுதப் போவதை உங்களுக்கு மூன்று தரம் சொல்லப் பார்த்தேன். மூன்று தரமும் மழை.

உங்கள் பந்து பட்டவரின் பெயர் ரமோன். கியூபாக்காரர், எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறார், பாண் பேக்கரியில் வேலை. அடுத்த வசந்தம் அவர் வெஸ்ட்லிக் கடைசித் தரிப்பில் இறங்கி, விசாரித்துக்கொண்டு எங்கள் மைதானத்துக்கு வந்தார். வழக்கு வைக்கத்தான் வருகிறார் என்று இவர் தேநீர்ப் போத்தலோடு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். ரமோன் கேட்டது இதுதான்: எந்த விளையாட்டில் அந்த எறி சரியான எறி? நான் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் எல்லேயை விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். விலா நோகச் சிரித்தார். ஓடுகிற முதுகின் நடுவில் அவ்வளவு தூரத்தில் இருந்து எறிகிறவன் முரடன் இல்லை, கலைஞன் என்றார். அந்தக் கை எங்கே என்றார். ஸ்தவாங்கரில் வெங்காயம் வெட்டுகிறது என்று சொன்னேன். பாவம் என்றார்.

அந்த வருடம் அவர்களுடைய அணி கலைந்தது. ரமோன் எங்களிடம் வந்துவிட்டார். எப்படி வழுக்கி விழுந்து பேஸைத் தொடுவது, எப்படி எறிவது எல்லாம் அவர் பழக்கியதுதான். நாங்கள் வென்ற சொற்ப ஆட்டங்களும் அவர் வந்த பிறகு வென்றவை. அவர் வந்தது நீங்கள் எறிந்ததால். "கழகம் அழிய நான்தான் காரணம்" என்று நீங்கள் அண்ணியிடம் சொன்னீர்களாம். அது பொய், அண்ணா. கழகம் இவ்வளவு காலம் நின்றதே உங்கள் எறியில்தான்.

மாதக் கடைசி ஞாயிறுகளில் நாங்கள் ரெனிஸ் பந்தில் எல்லே ஆடுகிறோம். ரமோன்தான் முதல் ஆளாக வந்து நிற்பார். ஓடுகிற ஆளின் மேல் எறிந்து படவைப்பதற்கு இங்கே ஒரு பெயர் உண்டு, "சோதி போடுறது". பிள்ளைகள் "என்னைச் சோதி போடாதை" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். போன கிழமை உங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது மிதுனா கேட்டாள்: "சோதி எண்டது ஒரு ஆளோ அம்மா?" ஓம், ஒரு ஆள்தான், ஆள் வருவார், பார் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்குச் சொன்ன சொல்லை நான் எப்படி மாற்றுவது?

இரண்டாவது பேஸில் இத்தனை வருடமும் ஆள் மாறி ஆள் நிற்கிறார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. வயது போய்விட்டது, மூச்சு வாங்கும் என்று எழுதாதீர்கள். எங்களுக்கு மட்டும் இளமையா திரும்புகிறது? நீங்கள் விட்டுப்போன கழகத்து நீலச் சட்டையை எடுத்துத் தோய்த்து வைத்திருக்கிறேன். வயிற்றடியில் இறுக்கினால் சொல்லுங்கள், தையலைப் பிரித்து விடுகிறேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் தங்கலாம். கையுறையை மறக்க வேண்டாம். வருகிறேன் என்று ஒரு சொல் போதும். எங்கள் கழகத்தின் பெயரிலேயே ஒரு 'அல்லது' இருக்கிறது, உங்கள் பதிலில் இன்னொன்று வேண்டாம்.

மாதா உங்கள் இருவரையும், அந்தக் கையையும் காக்கட்டும்.

உங்கள் கையால் மட்டை வாங்கிய தங்கச்சி,
மரியரஞ்சனி

பி.கு.: கீழே கோணலாகக் கிடக்கும் எழுத்து ரமோனுடையது. மிதுனாவிடம் கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். மூத்தவருக்கு 'வாங்கோ' என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். முதுகில் வாங்கினவனுக்கு அந்த மரியாதை எல்லாம் தேவையில்லையாம்.

சோதி வா