மூவர் அலைவரிசை

மார்ச் 4, காலை
சீரிஸ் குறுங்கோள், வடக்குத் துளை நிலையம். பதிவு: மரியசெல்வி, பனித்துளைப் பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். துளைக்கருவி சீராக ஓடுகிறது. குளிரில் பேட்டரிகள் தளர்ந்துவருகின்றன. மாற்று இல்லை.

அதுபற்றிக் கேட்கலாம் என்று சுரங்கக்காரர்களின் பொதுக்களத்தைத் திறந்தேன். நாற்பதாயிரம் பேர். எழுதினேன், அழித்தேன், மூடிவிட்டேன். வந்த புதிதில் ஒருமுறை அங்கே சந்தேகம் கேட்டிருக்கிறேன். "இதுகூடத் தெரியாம எதுக்கு அங்க போனீங்க?" என்று ஒருவர் எழுத, கூட்டமே சிரித்தது.

மார்ச் 4, மாலை
சின்ன ஆன்டெனாவில் எங்கள் அலைவரிசை. மூன்றே பேர். நான், அருகில் சுற்றும் பாறையொன்றில் தனியாகக் காவலிருக்கும் காயல்பட்டினத்து மீரான் காக்கா (அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்), வேறொரு பாறையில் சரக்குக் கிடங்கு பார்க்கும் வேணி. "என்னம்மா செல்வி, இன்னைக்கும் பாக்கெட் கஞ்சிதானா?" என்றார் காக்கா. பேட்டரிக் கவலையை இங்கே கொட்டினேன். தீர்வு யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் தூக்கம் வந்தது.

மார்ச் 9, காலை
காக்காவுக்கு மூச்சு இரைக்கிறது. "ஆக்சிஜன் மெஷின் நின்னு போச்சும்மா. சிலிண்டர்ல ரெண்டு நாள் ஓட்டலாம்." கரண்ட் போனதைப் போலச் சொல்கிறார். நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பினேன். பதில்: "உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது."

வேணி: "அக்கா, எங்க செட்டுக்குப் பொதுக்களம் எட்டாது. பக்கத்துல எதாவது கப்பல் போகுதான்னு நீங்கதான் கேக்கணும்."

மார்ச் 9, மதியம்
பொதுக்களத்துக்கு எட்டும் பெரிய டிஷ்ஷைப் போட்டேன். ஹீட்டருக்கும் அதற்கும் ஒரே பேட்டரி. எழுதுகிறேன், அழிக்கிறேன். உட்கார முடியவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்: "மீரான் என்பவருக்கு மூச்சுக்காற்று தீரப் போகிறது. இடம் கீழே. பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?"

மார்ச் 10
"ஆதாரம் எங்கே?" "பழைய மோசடி." "காத்துக்குப் பதிலா கதை விடுறாங்க." திரையை விட்டு நகர்ந்தால் என் கேள்வி கூட்டத்தில் மூழ்கிவிடும். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன்.

பிறகு ஒன்று வந்தது: "ஐஸ் ஏத்திட்டுப் போற கப்பல். என் பேரு சூசை. வழி சொல்லுங்க, திரும்புறேன்."

காக்காவின் செட்டை சூசையால் பிடிக்க முடியாது. நடுவில் நான் இருந்தாக வேண்டும்.

மார்ச் 11
ஹீட்டரை அணைத்துவிட்டேன். கண்ணாடியின் உட்புறம் பனி. சூசைக்குத் திசை சொல்கிறேன், காக்காவை விழித்திருக்கச் சொல்கிறேன், மறுபடி சூசை.

வேணி அழுகிறாள்: "டிஷ்ஷ அணைங்கக்கா. செத்துருவீங்க!"

இன்னும் கொஞ்ச நேரந்தான் என்றேன்.

தேதி தெரியவில்லை
சூசை: "ஆளை ஏத்தியாச்சு. மூச்சு இருக்கு. அவரோட செட்டும் இங்கதான்."

டிஷ்ஷை அணைத்தேன். ஹீட்டர் எரியவில்லை. மீண்டும் தட்டினேன். இல்லை.

சின்ன செட்டில் கேட்க மட்டும் முடிகிறது. அனுப்ப மின்சாரம் போதவில்லை.

"செல்வி, பேசும்மா. காக்கா கேக்குறேன்ல."

"அக்கா, கப்பல் உங்க பக்கந்தான் வருது. தூங்கிடாதீங்க. எதாவது சொல்லுங்க."

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சத்தமாக. இருவருக்கும். காக்கா, நான் இங்கேதான்...

வேணி, நான் தூங்க...