நூடுல்ஸை விடச் சொன்னாங்க

ஆவணி 10, செவ்வாய், ராத்திரி

ரெண்டு வேளையும் பாக்கெட் நூடுல்ஸுதான்னு சொன்னதுக்கு டாக்டரம்மா திட்டினாங்க. "அதிகமா சாப்பிடறவங்களுக்குக் கேன்சர் கொஞ்சம் கூடுதலா வருதுன்றாங்க. அதுதான் காரணம்னு முடிவா தெரியல. இருந்தாலும் கொறைங்க ஐயா."

எனக்குக் கோவம் வந்துச்சு. "என் பொண்டாட்டி ஒரு பாக்கெட்டும் பிரிச்சதில்ல. களி துன்னுக்கினு இருந்தவளுக்கு ஏன் கேன்சர் வந்துச்சு?"

"களி சாப்பிட்டா வரவே வராதுன்னு யாரும் சொல்லலையே ஐயா"ன்னாங்க மெதுவா.

வூட்டுக்கு வந்து களிக்கு ஒல வெச்சேன். அவ இருந்தப்போ அவ கிண்டுவா, நான் துணியால சட்டியைப் புடிச்சிப்பேன். இன்னிக்குக் கிண்டக் கிண்டச் சட்டியும் கூடவே சுத்துது. களி கட்டி கட்டியாப் போச்சு.

அப்புறம் நூடுல்ஸ் பாக்கெட்டையே பிரிச்சேன். அதுக்கு ஒத்த ஆள் போதும்.