மேலே சிவப்பு, கீழே பச்சை

மதிப்பிற்குரிய கணவருக்கு,

பின்சுவரில் சாய்ந்திருந்த ஏணியை எடுத்துச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே நிறுத்துவது என்று சென்ற செவ்வாய்க்கிழமை இல்லத்தார் கூடி, நெடுநேரம் ஆராய்ந்து, ஒருமனதாகத் தீர்மானித்தனர். இல்லத்தார் என்பது நான் ஒருத்திதான் என்பதால் எதிர்ப்பு ஏதும் எழவில்லை. தீர்மானம் அன்றே நிறைவேறியது. இடுப்பில் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

இங்கே நானும் தோட்டத்துக் குண்டுக்கரிச்சான் குருவிகளும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துக்கொண்டேன். அந்தக் குருவிகளைப் பற்றி எழுதி நீங்கள் அனுப்பிய நூலும் வந்து சேர்ந்தது. நம் தோட்டத்துப் பெட்டையிடம் ஏழு ஆண்டுகள் ஒரே ஆண் திரும்பத் திரும்ப வந்த அதிசயத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் படித்து அக்கா அழுதேவிட்டாள். "மனுஷனுக்கு இல்லாத விசுவாசத்தைப் பாருடி" என்றாள். மூன்று ஆண்டுகளாக நீங்கள் வருஷத்துக்கு ஒரு வாரம்தான் வீட்டுக்கு வருகிறீர்கள் என்பது அவளுக்கும் தெரியும். எதற்காக அழுதாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நன்றியுரையை இரண்டு முறை படித்தேன். தொலைநோக்கி விற்ற கடைக்காரருக்கு நன்றி. உங்கள் ஆய்வு மாணவிக்கு ஒன்றரைப் பக்கம். கூட்டுப்பெட்டியும் ஏணியும் செய்த தச்சருக்கு நன்றி. கடைசி வரியில், "அவ்வப்போது தேநீர் தந்து உதவிய இல்லத்தாருக்கும்." தச்சருக்கு அடுத்த இடம் கிடைத்ததில் குறையொன்றும் இல்லை. அவர் நல்ல மனிதர்.

நூலில் எனக்குப் பிடித்தது நான்காம் அத்தியாயம். பெட்டை தனியாகக் கூடு கட்டுகிறது, தனியாகப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் அடைகாக்கிறது. இதற்குப் பத்து வரி. அந்த நேரத்தில் ஆண் உச்சாணிக் கொம்பில் நின்று, இது என் இடம் என்று பாடுகிறது. இதற்கு நாற்பது பக்கம். பறவைகளை நீங்கள் எவ்வளவு நெருங்கிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வியந்தேன்.

உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மண் நிறம். கல்யாணமான மூன்றாம் நாள் சொன்னீர்கள், யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். இன்றுவரை சொன்னதில்லை. இப்போதும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆய்வின் முதல் நான்கு ஆண்டுகள் நான் ஜன்னலில் உட்கார்ந்து, பறவைகளுக்கு அடையாளமாக மாட்டிய கால்வளையங்களைப் படித்துச் சொன்னேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நம் ஆணுக்கு இடது காலில் மேலே சிவப்பு, கீழே பச்சை. வலது காலில் எண் பொறித்த உலோக வளையம். பக்கத்துத் தோட்டத்து ஆணுக்கு மேலே பச்சை, கீழே சிவப்பு. அந்தப் பக்கத்துத் தோட்டத்தான் விடியுமுன் வேலி தாண்டி வந்து நம் பெட்டையோடு கூடிவிட்டுப் போவதை நான் சொன்னபோது, எழுதியதை அடித்தீர்கள். "இதெல்லாம் எதுக்கு, படிக்கிறவங்க குழம்பிடுவாங்க" என்றீர்கள்.

ஐந்தாம் ஆண்டு உங்களுக்குத் தலைநகரில் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு கூடுகட்டும் பருவம் தொடங்குமுன் நம் ஆணைப் பூனை பிடித்துவிட்டது. செடிக்கடியில் கிடந்ததைப் புதைத்து, வளையங்களைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டேன். எட்டே நாளில் பக்கத்துத் தோட்டத்தான் இங்கே குடிவந்துவிட்டான். நீங்கள் மாணவியோடு வந்து இறங்கினீர்கள், தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தீர்கள், "நம்மாளு வந்துட்டான்" என்றீர்கள். நான் சமையலறையிலிருந்தே, "அது நம்மாளு இல்லீங்க, அவன் செத்துப் போயிட்டான்" என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உளறாம போய் டீயைப் போடு" என்றீர்கள். மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டீ போட்டேன். அதன் பிறகு அந்த ஆணைப் பற்றி உங்களிடம் வாய் திறக்கவில்லை. மூன்று ஆண்டு சத்தமில்லாமல் இருப்பது பெரிய காரியமில்லை. அடைகாக்கிற பெட்டையைக் கேட்டால் சொல்லும்.

பத்திரிகைப் படத்தில் இளம்பச்சைச் சட்டையும் அதற்குப் பொருத்தமாகக் கரும்பச்சைக் கழுத்துப்பட்டையும் அணிந்திருக்கிறீர்கள். பதினாறு ஆண்டுகளாக உங்கள் துணிகளை எடுத்துக் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நீங்களாக எடுத்த சட்டை இல்லை. அங்கே காலையில் எடுத்துக் கொடுக்க ஆள் இருப்பது நிம்மதி. சட்டையின் நிறம் பார்க்க அமர்த்திய ஆளையே வளையத்தின் நிறம் பார்க்கவும் அமர்த்தியிருக்கலாம். ஆனால் அதற்குக் கண்ணின் குறையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

நூலுக்கு விருது தரும் குழுவினர் மூவர் வரும் வியாழக்கிழமை பறவைகளை நேரில் பார்க்க வருவதாகவும், கூடத்தை ஒழித்து நல்ல டீயாகப் போட்டு வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். ஒழித்தாயிற்று. இதில் ஏணியின் பங்கைச் சொல்ல வேண்டும். இடம் மாற்றிய மூன்றாம் நாளே பக்கத்துத் தோட்டத்தான் அதன் மேல்படியைத் தன் மேடையாக எடுத்துக்கொண்டான். தினமும் காலை ஆறேகாலுக்கு வந்து அரைமணி நேரம் பாடுகிறான். ஜன்னலிலிருந்து நான்கு முழம். கால்வளையம் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது, அதாவது கண் இருப்பவர்களுக்கு. ஜன்னலோரம் மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன்.

குழுத்தலைவர் விருந்தோம்பலுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லி இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பதில் போட்டேன். எண்பத்து நான்காம் பக்கத்தில் "ஒவ்வோர் ஆண்டும் என் கண்ணாலேயே படித்தேன்" என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஆசிரியரே யார் துணையுமின்றி வளையங்களின் நிறத்தை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்பது எங்கள் எல்லோருக்கும் பாக்கியமாக இருக்கும் என்றேன். அருமையான யோசனை என்று எழுதியிருக்கிறார்.

நீங்கள் பேரும் புகழுமாக நீண்ட நாள் வாழ வேண்டும். உங்கள் உழைப்புக்கு என்ன உரியதோ அது குறையாமல் வந்து சேர வேண்டும். வியாழக்கிழமை தவறாமல் வாருங்கள். அந்தப் பச்சைச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் சிவப்பு போடுங்கள், உங்களுக்கு ஒன்றுதானே.

இப்படிக்கு,
தேநீர் தந்து உதவும் இல்லத்தார்

பி.கு.: பொத்தான் டப்பாவில் கிடந்த உலோக வளையத்தை, அது கழற்றப்பட்ட தேதியைச் சீட்டில் எழுதி, பதிவுத் தபாலில் குழுத்தலைவருக்கு அனுப்பினேன். அதன் எண் உங்கள் நூலிலும் எண்பத்து நான்காம் பக்கத்தில்தான் இருக்கிறது. பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்திட்ட அட்டை இன்று காலை வந்தது.