வந்து உரிச்சுக்கிறேன்

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

நீயும் என் பேத்தி குட்டி வாலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோம். அந்த மட்டில் குறையில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் நீயும் சுற்றி வளைக்கிறாய், நானும் சுற்றி வளைக்கிறேன். கடைசியில் “சாப்டியாம்மா”, “சாப்டேன் மாமா” என்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, வாழ்நாளெல்லாம் காருக்குப் பெயிண்ட் அடித்த கை இது.

விஷயம், நம் பிள்ளை கடைசியாக வரைந்த படத்தைப் பற்றியது. ஜன்னலோரப் பலகையில், நான்கு பக்கமும் டேப் ஒட்டி அவன் விட்டுப்போனபடியே இருக்கிறது. ஏரி, நாணல், பனிமூட்டம் எல்லாம் சாம்பலும் நீலமுமாகத் தீட்டி முடித்துவிட்டான். பறவைகள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பசை. வாட்டர் கலரில் வெள்ளைக்கு வெள்ளைப் பெயிண்ட் போடக் கூடாதாமே! தாளின் வெள்ளைதான் வெள்ளையாம். பறவை வரவேண்டிய இடத்தை ரப்பர் பால் போன்ற ஒரு பசையைத் தடவி மூடிவிட்டு, அதன் மேலேயே துணிந்து கலரை ஓடவிட்டு, காய்ந்த பிறகு பசையை விரலால் தேய்த்து உரிக்க வேண்டும். அவன் அப்படி வரைந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உன் அத்தையிடம், “அம்மா, அதை யாரும் தொடாதீங்க, நான் வந்து உரிச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். சாதாரணக் காய்ச்சல் என்றுதானே எல்லோரும் நினைத்தோம்.

அன்றிலிருந்து உன் அத்தை அந்தப் பலகைக்குக் காவல். மேலே ஒரு துணியைப் போர்த்தி வைத்திருக்கிறாள். ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, தூசு தட்டக்கூட விடுவதில்லை. எனக்கோ அந்தப் பசையை நினைத்துத்தான் கவலை. பட்டறையில் கார்க் கண்ணாடி ஓரத்தில் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்தால், ஈரம் முழுக்க வற்றுவதற்குள் டேப்பை உரித்துவிடுவோம். மறந்து விட்டுவிட்டால் பசை இறங்கிப் பிடித்துக்கொள்ளும், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். தகரத்துக்கே அந்தக் கதி என்றால் தாள் என்ன ஆகும்? அதுவும் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று இறங்கினேன். பசையை உரித்த பிறகு கண், அலகு, கால் எல்லாம் யாராவது வைத்தாக வேண்டுமே. ஓவியச் சாமான் விற்கும் கடைக்குப் போய்ப் பசை, தாள், பிரஷ் எல்லாம் கேட்டேன். கடைக்காரர், “பேரப் பிள்ளைக்கா சார்?” என்றார். எனக்குத்தான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். போகட்டும். காலையில் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து கொக்குகளைப் பார்க்கிறேன். வெள்ளைக் கொக்கு என்கிறோமே, அது முழு வெள்ளையே இல்லையம்மா. வயிற்றுப் பக்கம் தண்ணீரின் பச்சை ஏறியிருக்கிறது, இறக்கைக்கு அடியில் வானத்தின் நீலம் தங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் எத்தனையோ வண்டிக்கு வெள்ளை அடித்திருக்கிறேன், இதைக் கவனித்ததில்லை.

முதல் படத்தில் பழக்கதோஷம். ஈரத்தோடேயே பசையை உரித்தேன். சுற்றியிருந்த நீலமெல்லாம் கொக்கின் மேல் பாய்ந்துவிட்டது. உன் அத்தை எட்டிப் பார்த்து, “என்னங்க இது, சாயத் தொட்டியில விழுந்த வாத்தா?” என்றாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அதற்காகவே இன்னும் நாலு தாளைப் பாழாக்கலாம் போலிருந்தது. இரண்டாவது படத்தை நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். பசை வெந்து தாளோடு ஒட்டிப்போய், உரித்தபோது கொக்கின் கழுத்து தோலுரிந்த மாதிரி கிளம்பி வந்துவிட்டது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

இப்போதே உரித்தால் பாதியாவது தேறும் என்று அவளிடம் சொன்னேன். “வந்து உரிச்சுக்கிறேன்னுதானே அவன் சொன்னான்?” என்றாள். “அவன் எங்கிருந்துடி வருவான்?” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு என்ன செய்வது? அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு நிழலில் காயவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி எடுக்கப் பழகினேன். இப்போது ஓரளவு வருகிறது. ஆனாலும் என் விரல் தடிமன், அலகு வரும்போது பிசகிவிடுகிறது. பழைய பசையைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். வந்தாலும் வரும், கிழித்தாலும் கிழிக்கும் என்று உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவன் தடவிய பசை திட்டுத்திட்டாக இருக்கிறது. உன் அத்தை மூன்று பறவை என்கிறாள், எனக்கு நான்காகத் தெரிகிறது. எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் புரியவில்லை. இந்தப் பறவைகளைப் பார்க்க அவனோடு ஏரிக்குப் போனது நீ ஒருத்திதான்.

உன் அம்மா போன வாரம் போன் செய்தார்கள். உன்னோடு வேலை பார்க்கும் ஒருவர் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறாராம். குழந்தையும் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாளாம். நீதான் எங்களை நினைத்துக்கொண்டு ஒரு பதிலும் சொல்லாமல் இருக்கிறாயாம். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் அத்தையிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஏரியிலிருந்து வந்து பார்த்தால், பலகையின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். ஜன்னல் திறந்து கிடந்தது. “அவ வரட்டுங்க. அவ கையாலேயே உரிக்கட்டும். கிழிஞ்சாலும் பரவாயில்ல” என்றாள். ஒரு வருஷமாக நான் தொண்டை வற்றப் பேசியும் நடக்காதது அது.

ஆகவே லீவு கிடைக்கும்போது வந்து போ. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா, நகம் பட்டால் தாள் போய்விடுமாம். குட்டி வாலுக்கென்று தனியாகத் தாளும் பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அவள் அப்பா படத்தின் மேலேயே கை வைப்பாள். நீ உரித்துக் கொடு, பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பறவை என்று சொல். அலகும் கண்ணும் நான் வைக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. நீ எங்கே இருந்தாலும் இந்த வீட்டுப் பெண்தான், அதை யாரும் உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டுதான் எடுக்க வேண்டும் என்றில்லை. மூன்றாகவே எடு.

என்றும் உன் நலம் கோரும்,
மாமா