ஊர்வல வண்டிக்கு நானேதான் ஆயில் மாத்துறேன்

எங்க இருந்தாலும் என் சத்தம் கேட்டாத் திரும்பிப் பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு,

பாண்டியம்மா எழுதுறேன். இன்னைக்குக் காலையில நம்ம வண்டிக்கு ஆயில் மாத்தினேன். சோப்புப் போட்டுத் தேய்ச்சும் நகக்கண்ணுல கறுப்பு போகலை. அந்தக் கையோடதான் இதை எழுதுறேன். இதை இன்னும் நாலு பேர் வாசிப்பாங்கன்னு தெரியும். வாசிக்கட்டும். புருஷனைப் பத்திப் பெருமை பேசுறவளைத்தான் எல்லாரும் பார்த்திருக்காங்க. நான் உங்ககிட்ட என்னைப் பத்திப் பெருமை பேசப் போறேன்.

நீங்க அந்த வண்டியைக் கொண்டாந்த அன்னைக்கு ஆமத்தூரே கூடிச் சிரிச்சதே, ஞாபகம் இருக்கா? காலண்டர் லோடு இறக்க மலைக்குப் போன மனுஷன், அங்க கோல்ஃப் விளையாடுற மைதானத்துல ஏலம் விட்ட பழைய பெட்ரோல் வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு வந்து நின்னீங்க. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, நாலு சின்னச் சக்கரமும் ஒரு கூரையும்தான். "ஏலே, பந்து பொறுக்குற வண்டியை வச்சு இங்கன என்ன பண்ணப் போறே?"ன்னு கேட்டாங்க. நீங்க ஒரே வாரத்துல அதுக்கு ஜரிகைக் குடை வச்சு, சீரியல் லைட்டு சுத்தி, மாப்பிள்ளையும் பொண்ணும் உட்கார மெத்தை சீட்டு போட்டுட்டீங்க. மெதுவாப் போகும், எல்லாருக்கும் முகம் தெரியும். கல்யாண ஊர்வலத்துக்கு அதை விட என்ன வேணும்? சிவகாசியில இருந்தும் ஆர்டர் வந்தது.

அப்புறம் ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே என் மடியில போயிட்டீங்க. அதைப் பத்தி எழுத எனக்கு இன்னும் கை வரலை.

உங்க தம்பி முருகேசன்தான் வண்டியை எடுத்து ஓட்டினான். நல்ல பிள்ளை. ஆனா ஓட்டத்தான் தெரியும். சாவியைத் திருப்பி மிதிச்சாப் போகணும், அவ்வளவுதான் அவனுக்கு. நான் திருத்தங்கல்ல காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். சிவகாசியில ஒரு ஊர்வலத்துல, மேளம் முழங்குற நேரத்துல, வண்டி புகையைக் கக்கிட்டு நின்னது. சொந்தக்காரங்க தள்ளிக்கிட்டே மண்டபம் போய்ச் சேர்ந்தாங்களாம். மெக்கானிக் பார்த்துட்டு, "என்ஜின் போச்சுக்கா, வேற என்ஜின்தான் மாத்தணும்"னுட்டார். முருகேசன் தலையைச் சொறிஞ்சான். "மதினி, பேசாமப் பழைய இரும்புக்குப் போட்ருவோமா?"

நீங்க ராத்திரி பகல்னு பார்க்காம அலங்கரிச்ச வண்டி. இரும்புக்கா?

எங்க பிரஸ்ஸுல எம்புட்டு அவசர ஆர்டர் இருந்தாலும், மிஷினைத் துடைச்சு எண்ணெய் விடாம யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. டிசம்பர் சீசன்ல கூட. அந்தப் பழக்கம் எனக்குக் கையில ஏறிப் போச்சு. இந்த என்ஜினை யாராச்சும் துடைச்சிருக்காங்களான்னு ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை சீட்டைத் தூக்கி, மேல இருந்த தகரத்தைக் கழட்டினேன்.

உள்ளே என்ன இருந்ததுன்னு நினைக்கிறீங்க? சரவெடிப் பேப்பர்! ஊர்வலத்துக்கு ஊர்வலம் முன்னால வெடிச்ச வெடியோட செவப்புத் துண்டு எல்லாத்தையும் என்ஜின் காத்தாடி உறிஞ்சி உறிஞ்சி உள்ளே இழுத்திருக்கு. சூடு போறதுக்காக வச்ச தகட்டு இடுக்குல எல்லாம் பேப்பரும் ரோஜா இதழும் கரியும் மெத்தை மாதிரி அடைஞ்சு கிடந்தது. அது எப்படி மூச்சு விடும்? ஏர் ஃபில்டரைத் தட்டினா மண்ணாக் கொட்டுது. ஆயில் தார் மாதிரி இருந்தது. நான் அங்கேயே தரையில உட்கார்ந்து சிரிச்சேன். நீங்க போன பிறகு சத்தம் போட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் வச்சு ஒவ்வொரு இடுக்காச் சுரண்டி எடுத்தேன். பிளக்கைக் கழட்டிக் கரியைத் தேய்ச்சேன். அடியில இருக்கிற நட்டைக் கழட்டி ஆயிலைப் பழைய வாளியில இறக்கினேன். புது ஆயில் ஊத்தும்போதுதான் ஆர்வக்கோளாறு. அளவுக்கு மேல ஊத்திட்டேன். ஸ்டார்ட் பண்ணினா வெள்ளை வெள்ளையாப் புகை. பக்கத்து வீட்டுக்காரங்க, "பாண்டியம்மா, தீயி கீயி பிடிச்சிருச்சா?"ன்னு ஓடி வந்துட்டாங்க. கூடுதலா இருந்ததை இறக்கிட்டு, அளவுக்கம்பியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்து, மறுபடி மிதிச்சேன். பிடிச்சுக்கிச்சு. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊர்வலம் முடிஞ்ச மறுநாளும் பேப்பரை ஊதி எடுக்கிறது, ஃபில்டரைத் தட்டுறது, பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறது, பேட்டரிக்குத் தண்ணி விடுறது எல்லாம் என் வேலையாச்சு. வண்டி கிளம்பும் முன்னால டேங்கில இருந்து என்ஜின் வரைக்கும் பெட்ரோல் டியூபைக் கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். ஆனா கல்யாண வீட்டுப் பக்கம் மட்டும் நான் போறதில்லை. ஏன்னு உங்களுக்குச் சொல்லணுமா? புருஷன் போனவ பொண்ணு மாப்பிள்ளைக்கு எதிர்ல வரக் கூடாதே. என் கை பட்ட வண்டி மட்டும் போகலாம். நான் போகக் கூடாது.

திருத்தங்கல் கல்யாணம் ஒண்ணு வந்தது. அன்னைக்கு நான் வேலையில இருக்கும்போதே முருகேசன் வண்டியை எடுத்துட்டான். நான் தடவிப் பார்க்காம வண்டி போனது அது ஒரு தடவைதான். எனக்கு மனசு கேக்கலை. பிரஸ் விட்டதும் நேரா அந்தத் தெருவுக்குப் போனேன். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட வாசல்ல நிக்காங்க. தெரு நெடுகச் சரவெடியை விரிச்சுப் போட்டிருக்காங்க.

முருகேசனுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறிருச்சு. "மதினி, நீங்க இங்கன எதுக்கு வந்தீக? யாராச்சும் பார்த்தா..."

"ஒரு நிமிஷம் தம்பி"ன்னுட்டுப் பின்பக்கமாக் கையை உள்ளே விட்டேன். விரல் ஈரம். மோந்து பார்த்தா பெட்ரோல். டியூப் சூட்டுல விரிசல் விட்டு, சொட்டுச் சொட்டாக் கசிஞ்சுக்கிட்டு இருக்கு. எதிர்ல ஒருத்தன் ஊதுபத்தியும் கையுமாத் திரி பக்கத்துல குனியுறான்.

"சாவியை எடு தம்பி! யாரும் ஏறாதீக!"ன்னு கத்திட்டேன். என் குரல் எனக்கே புதுசா இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் முன்னால வந்தார். "யாரு இந்தப் பொம்பளை? நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. வெறுங்கழுத்தோட வந்து குறுக்க நிக்கா?"

தெருவே என் கழுத்தைப் பார்த்தது. பழைய பாண்டியம்மாவா இருந்தாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பேன். அன்னைக்கு நகரலை. "வையுங்கய்யா, என்ன வேணாலும் வையுங்க. பெட்ரோல் ஒழுகுது. இதுல பிள்ளைகளை ஏத்த விட மாட்டேன்"னேன்.

பொண்ணோட அப்பா பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேன். இடது கையில பழைய தீக்காயம். அவர் குனிஞ்சு, தொட்டு, விரலை மோந்தார். நிமிர்ந்ததும் போட்டார் ஒரு சத்தம். "ஊதுபத்தியை அணைங்கலே! திரியில எவனும் கை வைக்கக் கூடாது!" அவரும் முருகேசனும் வண்டியைச் சந்துக்குள்ள தள்ளினாங்க. ஒழுகின இடத்துல மண்ணை அள்ளிப் போட்டோம்.

சீட்டுக்கு அடியில மாத்து டியூபும் கிளிப்பும் நான் எப்பவும் போட்டு வச்சிருப்பேன். ஆனா என்ஜின் சூடா இருந்தது. "ஆறட்டும், அது வரைக்கும் தொட மாட்டேன்"னு சொல்லிட்டேன். நல்ல நேரம் போகுதுன்னு பெரியவர் முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். ஃபோர்மேன் திரும்பி அவரைப் பார்த்தார். "சம்பந்தி, பிள்ளைக ரெண்டும் முழுசா மண்டபம் போய்ச் சேர்றதுதான் எனக்கு நல்ல நேரம்"னார்.

ஆறின பிறகு டியூபை மாத்தி, கிளிப்பை இறுக்கி, காகிதத்தால ஒத்தி ஒத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. எல்லாத்தையும் துடைச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினேன். சாவியை முருகேசன்கிட்ட நீட்டினா, அவன் வாங்கலை. "எனக்கு ஆகாது மதினி"ன்னு ஒதுங்கிட்டான். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். "நீயே ஓட்டும்மா." நான் பொண்ணைப் பார்த்தேன். அது மாலையை ஒதுக்கிக்கிட்டு ஏறி உட்கார்ந்து, "எடுங்கக்கா, போவோம்"னு சிரிச்சது.

எடுத்தேங்க. வெடியை ரொம்ப முன்னால போட்டு, புகை கலைஞ்ச பிறகுதான் வண்டியை விட்டேன். பிரஸ் சேலையில, மையும் மசியுமா, தெருவோட நட்டநடுவுல போனேன். வண்டி ஒரு இடத்துல கூட இருமலை. மாடியில இருந்தவங்க பொண்ணை மட்டும் பார்க்கலை, என்னையும் பார்த்தாங்க. பார்க்கட்டுமேன்னு நிமிர்ந்து உட்கார்ந்துக்கிட்டேன்.

இப்போ நான்தான் ஓட்டுறேன். முருகேசன் ஆர்டர் பிடிக்கிறான், லைட்டு கட்டுறான். வேண்டாம்னு சொல்ற வீடுகளும் இருக்கு. சில பேர் நாசூக்கா, "தம்பியையே ஓட்டச் சொல்லுங்களேன்"ம்பாங்க. "வண்டி வேணும்னா நானும் வருவேன்"னு சொல்லிடுவேன். முந்தாநாள் என்ஜினைத் திறந்து வால்வு இடைவெளியைக் கூட நானே சரி பண்ணினேன். அது எனக்கு வராதுன்னு ரொம்ப நாள் பயந்துக்கிட்டு இருந்த வேலை.

உங்களுக்கு எழுதணும்னு தோணினது அதுக்காக இல்லை. போன வாரம் ஆனைக்குட்டத்துல இருந்து ஒரு பிள்ளை வீடு தேடி வந்தது. இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது. பட்டாசு வெடிவிபத்துல புருஷனைப் பறிகொடுத்தது. இப்போ மறுகல்யாணம். கூட வேலை பார்க்கிற பையன்தானாம், ரொம்பத் தங்கமானவனாம். பெரியவங்க, கோயில்ல வச்சுச் சத்தமில்லாம முடிச்சிருவோம்னு சொல்றாங்களாம்.

தண்ணி கொடுத்தேன். டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே கேட்டது. "அக்கா, எனக்கு ஊர்வலம் வேணும். வெடி வேண்டாம். மேளமும் லைட்டும் போதும். நீங்கதான் ஓட்டணும். வருவீகளா?"

நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்.

கல்யாணம் வர்ற ஞாயித்துக்கிழமை. அதுக்குத்தான் இன்னைக்குப் புது ஆயில், புதுப் பிளக். உங்ககிட்ட ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளையைச் சந்து வழியாக் கூட்டிட்டுப் போக மாட்டேன். பெரிய தெரு வழியா, எல்லா லைட்டையும் போட்டு, ஊரே வாசலுக்கு வந்து பார்க்கிற மாதிரி, மெதுவா, ரொம்ப மெதுவாக் கூட்டிட்டுப் போவேன்.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டி,
ஆமத்தூர் ஊர்வல வண்டி டிரைவர் பாண்டியம்மா