மிஸஸ் சந்திரமௌலிக்கு வந்த கார்டு

மாட்டுங்கா
8-3-1964

சிரஞ்சீவி வேங்கடசுப்ரமணியனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், சிகாகோ குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க குருவாயூரப்பன் அருளட்டும்.

காதலர் தினத்துக்கு ஷ்யாமளாவுக்கு அனுப்பிய கார்டு வந்ததா என்று கேட்டிருக்கிறாய். வந்தது. அமெரிக்காக்காரன் என் பெயரை உனக்குக் குடும்பப் பெயராக ஒட்டிவிட்டான் என்பதற்காக, பெண்டாட்டிக்கு அனுப்பும் உறையில் நீயும் மிஸஸ் சந்திரமௌலி என்று டைப் அடிக்கலாமா? இந்தக் கட்டடத்தில் மிஸஸ் சந்திரமௌலி என்றால் அது உன் அம்மா வாலாம்பாள் ஒருத்திதான். பம்பாய் வந்த உன் சிநேகிதன் அதைத் தாதரில் தபாலில் போட்டதால் அமெரிக்க ஸ்டாம்பும் இல்லை, உள்ளே அம்பு பாய்ந்த சிவப்பு இதயத்தின் கீழே கையெழுத்தும் இல்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஷ்யாமளாவைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். நீ இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை என்று எழுதியிருப்பதாக அவளும் தமிழில் சொல்லியிருக்கிறாள். நான் ஆபீஸிலிருந்து வந்தால் கேசரி, புதுப்புடவை, தலை நிறையப் பூ. காரணம் புரியாமல் இரண்டாம் தடவையும் கேசரி வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை உன் கடிதத்தைப் பிரித்த பிறகுதான், கார்டை நான் அனுப்பியதாக அம்மா நினைத்துக்கொண்ட விஷயம் விளங்கியது. காதலர் தினம் என்றால் என்ன என்று ஆபீஸில் பெர்னாண்டஸைக் கேட்டேன். ரோமாபுரி ராஜா சிப்பாய்களுக்குக் கல்யாணம் கூடாது என்றானாம், வாலண்டைன் என்ற பாதிரியார் ரகசியமாகப் பண்ணிவைத்துத் தலையைக் கொடுத்தாராம். நம் சாஸ்திரிகள் கால் மணி தாமதமானாலே அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார். பெயர் போடாமல் அனுப்புவதும் வழக்கமாம், மொட்டைக் கடிதாசிக்கும் ஒரு பண்டிகை வைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கார்டை வாங்கித் தருகிறேன் என்று ஷ்யாமளாவிடம் சொன்னேன். சொல்லாதேங்கோ அப்பா, அம்மா அதைத் தலகாணிக்கடியில வச்சிண்டிருக்கா, எனக்கு வேற வரும் என்றாள். தனக்கு வந்தது என்று தெரிந்தேதான் அன்றைக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஒன்றரை வருஷமாக உன் முகம் பார்க்காத பெண். ஆவணி போகட்டும், தை பிறக்கட்டும் என்று அவளை இங்கே நிறுத்திவைத்தது நானும் அம்மாவும்தான், தப்பு எங்களுடையது. வைகாசியில் அனுப்பிவைக்கிறேன், விசா காகிதங்களை உடனே அனுப்பு.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். தீர்க்காயுசாக இரு. பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கே போடு. அடுத்த பிப்ரவரியில் அம்மாவுக்கு நானே ஒரு கார்டு அனுப்புவதாக இருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சந்திரமௌலி