ஓரமாய்த் தள்ளாத பூசணி

செப்டம்பர் 29, 2025
சந்தையில் இரண்டு வெள்ளைப் பூசணி வாங்கினேன். ஒன்று ஆயுத பூஜைக்குப் பட்டறை வாசலில் உடைக்க, ஒன்று என் மனைவி சௌந்திரத்தின் மோர்க்குழம்புக்கு. தோலில் சாம்பல் நன்றாகப் பூத்த காய் ஒரு வருடம்கூடக் கெடாது என்றார் கடைக்காரர். லாரிக்குப் பாடி கட்டுகிற எனக்கு அப்படி ஒரு பெயின்ட் கிடைத்தால் தேவலை.

அக்டோபர் 1
பூஜை ஆயிற்று. குங்குமமும் காசும் போட்டு நடுரோட்டில் உடைத்தேன். "ஏனுங்க, ஓரமாத் தள்ளியுட்டுருங்க, வண்டி வர்ற எடம்" என்றாள் சௌந்திரம். காலையில் பார்க்கலாம் என்றேன். சோம்பல், வேறென்ன?

அக்டோபர் 2
விடியும் முன்பே பால்காரர் கண்ணுசாமி மொபெட்டோடு சறுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ரோடெல்லாம் பாலும் பூசணியும். நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "தெய்வமாட்டம் வந்தீங்க" என்கிறார்கள் எல்லோரும். எந்தப் பட்டறைக் காய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் ஆறு பட்டறை, ஆறு பேரும் உடைத்தோம். மற்ற ஐந்து பேரும் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் போனார்கள். பார்த்தேனே.

அக்டோபர் 3
தண்ணீர் விட்டு ரோட்டைக் கழுவினேன். இப்போது.

அக்டோபர் 9
ஆஸ்பத்திரி. அவர் மனைவி மாரக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணுசாமி என்னையே பார்த்தார். ஆப்பிள் வைத்துவிட்டு வந்தேன். ஆப்பிள்!

அக்டோபர் 17
இரண்டாவது காயை இன்று அரிந்தாள் சௌந்திரம். பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தண்ணீர், சூட்டுக்கு நல்லது, விதையை வறுத்தும் தின்னலாம் என்று மகள் பிரவீனா செல்போனில் படித்துக் காட்டினாள். வெறும் தண்ணீரா ஒரு மனுஷனைப் படுக்க வெச்சுது? தட்டைத் தள்ளிவிட்டேன்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமாங்க? போய்ச் சொல்லீட்டு வாங்க" என்றாள் சௌந்திரம். அவளுக்குத் தெரியாதா பின்னே?

நவம்பர் 2
போகவில்லை.

நவம்பர் 20
சொல்லிவிட்டேன்.

கண்ணுசாமி வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். இனி வண்டி ஓட்ட முடியாதாம். மாடுகளை விற்றாகிவிட்டது. மனப்பாடம் செய்து போனது எதுவும் வரவில்லை. "என்ற காய்தாங்க அது" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றார். "மொத நா சாயங்காலம் பால் ஊத்தீட்டு அந்தப் பக்கந்தான் போனேன். நீங்க ஒடைச்சதப் பாத்தேன். தள்ளியுட்டிருப்பீங்கன்னு நம்பித்தான் காத்தால வந்தேன். அப்புறம், நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு தெனமும் பாத்துட்டு இருந்தேனுங்க."

மாரக்காள் டீ வைத்தார். குடித்தேன். குடிக்காமல் எப்படி எழுந்து வருவது?

கிளம்பும்போது, "இனிமே நீங்க வர வேண்டாங்க" என்றார் கண்ணுசாமி, எப்போதும் பேசும் அதே மரியாதையோடு.